அரியணை இருந்தும் அரசிழந்த மன்னர்

கி.பி. 1793-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21-ஆம் நாள் பாரிசு மாநகரில் பல்லாயிரம் மக்கள் பார்த்திருக்கப் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தலை வெட்டுண்டு வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 38. அவர் கொடியவர் அல்லர்; மக்களைத் துன்புறுத்தி மகிழ்ந்தவரும் அல்லர். பத்தொன்பது வயதில் அரசேற்ற அவருக்கு அரசின் கடனும் முன்னோர் விட்டுச் சென்ற வரிச்சுமையும் ஒருங்கே வந்து சேர்ந்தன. நாட்டின் நிலையை எடுத்துரைத்த துர்கோ என்னும் அமைச்சரை 1776-இல் அவர் நீக்கினார். மக்கள் நம்பியிருந்த நெக்கர் என்னும் அமைச்சரை 1789 ஜூலை 11-ஆம் நாள் நீக்கினார். அதன் பின் மூன்றே நாளில் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்கள் கையில் வீழ்ந்தது. இவ்வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதிவிடுகின்றனர்.

ஆயின், பாஸ்டில் வீழ்ந்து பத்தே ஆண்டில், நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறியுள்ள இத்திருவனந்தபுரத்திலும் ஓர் இளைய மன்னரின் அரண்மனையை மக்கள் சூழ்ந்துகொண்டனர் என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவர்? அக்கூட்டத்தில் முன்னின்றவர்கள் நாஞ்சில் நாட்டு மக்கள் என்பதும், அம்மன்னரின் பெயர் இன்றளவும் அன்றாடம் வழங்கிவரக் காரணமானவர்கள் தமிழ் நெசவாளர்கள் என்பதும் நாம் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள். அம்மன்னரே அவிட்டம் திருநாள் பாலராமவர்மர். திருவிதாங்கூர் மன்னருள் மக்கள் அன்பைப் பெறாதவர் எனவும், ஆற்றல் குன்றியவர் எனவும் வரலாற்று ஆசிரியர்களால் குறிக்கப்படுபவர் அவர்.

பதினாறு வயதில் பாரம்

பாலராமவர்மருக்கு முன் ஆண்டவர் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர். மக்கள் அவரைத் தர்மராஜா என்றே அழைத்தனர். 1758 முதல் 1798 வரை நாற்பது ஆண்டுகள் அவர் ஆட்சி நடைபெற்றது. திப்பு சுல்தானின் படையெடுப்பை எதிர்த்து நின்றவர் அவர். வடக்கே மலபாரிலிருந்து ஓடிவந்தோர்க்குப் புகலிடம் கொடுத்தவரும் அவரே. இத்தகைய ஒருவருக்குப் பின் அரியணை ஏறுதல் எவர்க்கும் எளிதன்று. 1782-இல் பிறந்த பாலராமவர்மர் பதினாறாம் வயதில் அப்பொறுப்பை ஏற்றார்.

அவர் ஏற்ற பொறுப்பில் கண்ணுக்குத் தெரியாத சுமை ஒன்று இருந்தது. திப்புவுடன் நடந்த போரில் துணைநின்ற ஆங்கிலக் கும்பெனியார், போர்ச் செலவைத் திருவிதாங்கூரிடமே கேட்டு வாங்கினர். 1795-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, கும்பெனிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவும் திருவிதாங்கூர் இசைந்திருந்தது. 1799 மே மாதத்தில் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். திருவிதாங்கூரின் பகைவர் ஒழிந்தார் என்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் அப்பகைவர் இருந்தவரை கும்பெனியார்க்குத் திருவிதாங்கூரின் நட்பு வேண்டியிருந்தது. அவர் மறைந்தபின் அந்நட்பின் விலை அவர்களுக்குக் குறைந்துபோயிற்று. கருவூலத்திலோ பணம் இல்லை. கடன்காரனோ வாயிலில் நிற்கிறான். பதினாறு வயது இளைஞர் ஒருவர் இந்நிலையை எவ்வாறு தாங்குவார்?

தாங்குதற்குத் தோள்கொடுக்கக் கூடியவர் ஒருவர் அருகிலேயே இருந்தார். அவர் ராஜா கேசவதாசர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள விளவங்கோட்டுப் பகுதியில், குன்னத்தூரில் எளிய குடும்பத்தில் பிறந்து, தர்மராஜாவின் திவானாக உயர்ந்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை அமைத்தவர் அவர். நம் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துள்ள சாலைக் கடைத்தெருவை நிறுவியவரும் அவரே. கும்பெனியாருடன் பேசவும், கணக்குப் பார்க்கவும், வேண்டியபோது மறுக்கவும் அறிந்தவர். அவரை உடன் வைத்துக்கொண்டிருந்தால் பாலராமவர்மரின் வரலாறு வேறுவிதமாக அமைந்திருக்கலாம்.

இழந்த துணை

அரசரின் நம்பிக்கைக்குரியவராக அரண்மனையில் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி என்பவர் இடம்பெற்றார். இளைய மன்னர் அவர் சொல்லையே கேட்டார். விரைவில் கேசவதாசர் பதவி நீக்கப்பட்டு வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1799 ஏப்ரலில் அவர் உயிர் நீத்தார். நஞ்சூட்டப்பட்டே இறந்தார் என்று அக்கால மக்கள் நம்பினர். வரலாற்று நூல்களும் அவ்வாறே எழுதுகின்றன.

கண்டித்துரைக்கும் துணைவர் இல்லாத மன்னன், பகைவர் எவரும் இல்லாமலே கெட்டழிவான் என்பது திருவள்ளுவர் கண்டு கூறிய உண்மை. அவ்வுண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பாரிசில் நெக்கர் நீக்கப்பட்டதும் திருவனந்தபுரத்தில் கேசவதாசர் நீக்கப்பட்டதும் ஒரே வகைச் செயல்களாம். இரண்டிடத்தும் அரசர், தம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த அமைச்சரைத் தாமே அகற்றினார். இரண்டிடத்தும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

ஜயந்தன் நம்பூதிரி தலைமை அமைச்சரானார். சங்கரநாராயணன் செட்டி என்பவரும், தச்சில் மாத்துத் தரகன் என்னும் பெருவணிகரும் அவருக்குத் துணை அமைச்சராயினர். வெறுமையாகிவிட்ட கருவூலத்தை நிரப்ப அவர்கள் கண்ட வழி மிக எளிது. நாட்டில் பொருளுடையோர் யார் யார் என்று பட்டியல் எழுதப்பட்டது. ஒவ்வொருவரும் இவ்வளவு தரவேண்டும் என்று தொகை குறிக்கப்பட்டது. அவர்கள் தலைநகருக்கு அழைக்கப்பட்டனர். தந்தவர் வீடு திரும்பினர். தர மறுத்தவர் கசையடி பெற்றனர். உப்பின் மீது விதித்த வரி ஏழைகளையும் விட்டுவைக்கவில்லை. வரி என்பது சட்டத்தால் விதிக்கப்படுவது, எல்லார்க்கும் பொதுவானது. ஆளைப் பார்த்து அடித்துப் பறிப்பதை வரி என்று எவரும் சொல்லார்.

திருவிதாங்கூர் மன்னர் தம்மைப் பத்மநாபதாசர் என்று கூறிக்கொள்பவர். மார்த்தாண்டவர்மர் 1750-இல் தம் நாட்டை ஸ்ரீ பத்மநாப சுவாமியின் திருவடியில் ஒப்படைத்த நாள்முதல், அரசர் இறைவனின் ஊழியராகவே ஆண்டார். எனவே அரசர் பெயரால் நிகழும் கொள்ளை, இறைவன் பெயராலும் நிகழ்வதாகவே மக்களுக்குத் தோன்றிற்று. அவர்களின் சினத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நாஞ்சில் நாடு எழுந்தது

பட்டியலில் இடம்பெற்றவருள் ஒருவர் தலக்குளம் வேலாயுதன் செம்பகராமன் தம்பி. வேலுத்தம்பி என்று வரலாறு போற்றுவது அவரையே. 1765-இல் இரணியலை அடுத்த தலக்குளத்தில் பிறந்தவர். அரசுப் பணியில் இருந்து நாட்டு மக்களின் நிலையை நன்கு அறிந்தவர். அவரையும் தலைநகருக்கு வரவழைத்துப் பெருந்தொகை கேட்டனர். அவர் மூன்று நாள் தவணை வேண்டி ஊர் திரும்பினார். தவணை முடிந்து மீண்டபோது அவர் பணத்துடன் வரவில்லை, மக்களுடன் வந்தார்.

நாஞ்சில் நாட்டார்க்கு இத்தகைய எழுச்சி புதிதன்று. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய அவ்வயல் நாட்டில், ஊர்த் தலைவர்கள் கூடி ஆராய்ந்து, முறையற்ற வரியைச் செலுத்துவதில்லை என்று ஒருமித்து நிற்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. நெல்லும் வாழையும் விளையும் நாடாதலின், ஆள்வோர் கண் எப்போதும் அதன்மேலேயே இருந்தது. அந்நாட்டார் வேலுத்தம்பியின் பின் திரண்டனர். வழியெங்கும் பிறரும் சேர்ந்துகொண்டனர். 1799-இல் அக்கூட்டம் திருவனந்தபுரம் வந்து அரண்மனையைச் சூழ்ந்தது.

அவர்கள் அரசரைக் கொல்ல வரவில்லை. அரியணையைக் கவிழ்க்கவும் வரவில்லை. ஜயந்தன் நம்பூதிரியை நீக்கி நாடுகடத்த வேண்டும். மற்ற இரு அமைச்சரையும் பொது இடத்தில் கசையால் அடித்துக் காதை அறுக்க வேண்டும். உப்பு வரியும் பிற கொடிய வரிகளும் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். அரசர் அனைத்திற்கும் இசைந்தார். கேட்டவாறே யாவும் நடந்தேறின. தண்டனை பெற்ற இருவரும் சிறையிலிடப்பட்டனர். காதை அறுக்கும் தண்டனையை இன்றைய நம் உள்ளம் ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. எனினும், ஒரு நாட்டின் மக்கள் அரண்மனை வாயிலில் நின்று தங்கள் குறையைச் சொல்லி, அரசாணையை மாற்றி எழுதச் செய்தது சிறிய செயலன்று.

முத்திரை கைமாறியது

மக்கள் ஓர் அமைச்சரைத் துரத்தினர். ஆயின் நாட்டின் பிணி அமைச்சரோடு போய்விடவில்லை. அரசருக்குத் தாமே ஆராய்ந்து முடிவெடுக்கும் வழக்கம் உண்டாகவில்லை என்பதே அப்பிணி. நேற்று ஜயந்தன் சொன்னதற்கு இசைந்தார். இன்று கூட்டம் சொன்னதற்கு இசைந்தார். நாளை வேறொருவர் சொல்வதற்கும் இசைவார். அவர் பெயரால் ஆள்வோர் மாறிக்கொண்டே இருந்தனர்.

எழுச்சிக்குப் பின் சிறையின்கீழைச் சேர்ந்த அய்யப்பன் செம்பகராமன் பிள்ளை தலைமை அமைச்சரானார். வேலுத்தம்பி வாணிகப் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய் ஆனார். நேர்மையும் கடுமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன. கையூட்டு வாங்கியோர் அஞ்சினர். நாடெங்கும் சென்று வழக்குகளை நேரில் விசாரித்தார். தண்டனையையும் அங்கேயே நிறைவேற்றினார். அவர் கடுமையைப் பொறாத அரண்மனைச் சூழ்ச்சியர், அவரைப் பிடித்துக் கொல்லுமாறு அரசரிடமே ஆணை பெற்றனர் என்றும், அவர் அதனினின்று தப்பினார் என்றும் வரலாறு கூறும். தம் தளவாயை வைத்திருக்கவும் கொல்லவும் ஒரே மன்னர் கையொப்பமிடுவாராயின், அக்கையொப்பத்திற்கு மதிப்பு ஏது?

கும்பெனியார்க்குக் கட்ட வேண்டிய பணமோ குறையவில்லை. செலவைக் குறைக்க எண்ணி வேலுத்தம்பி படைவீரரின் படியைக் குறைத்தார். 1804-இல் நாயர் படையினர் கலகம் செய்து, அவரை நீக்குமாறு வேண்டித் தலைநகர் நோக்கித் திரண்டனர். ஐந்தாண்டுக்கு முன் அரண்மனையைச் சூழ்ந்த கூட்டத்திற்குத் தலைவராக நின்றவர், இப்போது தம்மை எதிர்த்து எழுந்த கூட்டத்திற்கு அஞ்சிக் கொச்சிக்குச் சென்று ஆங்கில ரெசிடெண்டு கர்னல் மெக்காலேயின் துணையை நாடினார். கலகம் அடக்கப்பட்டது, தலைவர்கள் கொடிய தண்டனை பெற்றனர்.

துணைக்கு விலை உண்டு. 1805 ஜனவரி 12-ஆம் நாள் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆண்டொன்றுக்குச் செலுத்த வேண்டிய தொகை எட்டு லட்சம் ரூபாய் ஆயிற்று. உள்நாட்டு ஆட்சியில் கும்பெனியார் கூறும் அறிவுரையை அரசர் மதித்து நடக்க வேண்டும் எனவும், பணம் தவறினால் நாட்டின் ஆட்சியைக் கும்பெனியார் கைக்கொள்ளலாம் எனவும் அதில் எழுதப்பட்டது. ஜயந்தன் கையிலிருந்து மக்கள் பறித்த முத்திரை, வேலுத்தம்பியின் கைவழியே கும்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. உடன்படிக்கை 'நிலையான நட்பு' என்று பேசியது. உண்மையில் பாலராமவர்மரின் அரசு அன்றே முடிந்துவிட்டது.

1809

எட்டு லட்சத்தைச் செலுத்துதல் இயலாததாயிற்று. நிலுவை ஏறிக்கொண்டே போயிற்று. பணம் கேட்டு மெக்காலே நெருக்கினார். அரசின் உள் விவகாரங்களிலும் தலையிட்டார். தாமே ஏற்ற உடன்படிக்கை நாட்டைக் கட்டிப் போட்டது என்பதை வேலுத்தம்பி உணர்ந்தார். 1808 டிசம்பர் இறுதியில், கொச்சியின் பாலியத்து அச்சனுடன் சேர்ந்து, போல்காட்டியில் இருந்த மெக்காலேயின் மாளிகையை அவர் வீரர்கள் தாக்கினர், மெக்காலே தப்பினார். 1809 ஜனவரி 11-ஆம் நாள் குண்டறையில் வேலுத்தம்பி வெளியிட்ட விளம்பரம், ஆங்கிலேயரை எதிர்த்து எழுமாறு நாட்டு மக்களை அழைத்தது.

கும்பெனிப் படை பாளையங்கோட்டையிலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் புறப்பட்டு, பிப்ரவரி 10-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கோட்டை மதிலைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. படை பாப்பனங்கோடு வந்து பாசறை அமைத்தது. அப்போது பாலராமவர்மர் செய்தது யாது? வேலுத்தம்பியின் செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார். உம்மிணித்தம்பியைப் புதிய திவானாக நியமித்தார். வேலுத்தம்பியைப் பிடித்துத் தருவோர்க்கு ஐம்பதாயிரம் ரூபாய் பரிசு என்று பறைசாற்றப்பட்டது.

ஓடி ஒளிந்த வேலுத்தம்பி, அடூருக்கு அண்மையில் உள்ள மண்ணடிக் கோயிலில், பகைவர் கையில் அகப்படாமல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டுக் காட்டினர். இச்செயலைக் கும்பெனியின் தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவே கண்டித்தார். தம்பியின் தம்பியான பத்மநாபன் தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

அரசரின் அரியணை தப்பியது. ஆனால் அதில் வீற்றிருந்தவர்க்கு ஆணையிட உரிமை எஞ்சவில்லை. அரண்மனைச் சடங்குகளுக்கு வேண்டிய சிறு படை நீங்கலாக நாட்டுப் படை கலைக்கப்பட்டது. போர்ச் செலவும் திருவிதாங்கூரின் தலையிலேயே விழுந்தது. 1810 நவம்பரில் பாலராமவர்மர் மறைந்தார், வயது 28. அவருக்குப் பின் அரசேற்ற கௌரி லட்சுமிபாய், ரெசிடெண்டு கர்னல் மன்றோவையே 1811-இல் திவானாகவும் அமர்த்தினார். மறைவாக நடந்துவந்தது வெளிப்படையாயிற்று.

லூயி மன்னர் தலையை இழந்தார். பாலராமவர்மர் தலைமையை இழந்தார். ஆயினும் பிரான்சில் மன்னரிடமிருந்து நழுவிய அதிகாரம் பல குழப்பங்களுக்குப் பின்னரேனும் அந்நாட்டார் இடத்தே தங்கிற்று. திருவிதாங்கூரில் மன்னர் நழுவவிட்ட அதிகாரம் கடல்கடந்து வந்த வணிகக் கும்பெனியிடம் சேர்ந்தது. மக்கள் துயருற்று எழுந்ததன் பயன் மக்களுக்கு வரவில்லை. மக்கள் சினம் ஒரு கொடிய அமைச்சரை ஒரே நாளில் அகற்ற வல்லது. அவ்விடத்தில் யார் வருகிறார், யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதை நாள்தோறும் விழிப்புடன் பார்த்தல் வேறொரு பணி. அரசர் காலத்தில் அதற்கு வழியில்லை. குடியாட்சி பெற்ற நமக்கு வழி உண்டு. பார்க்கிறோமா என்பதே கேள்வி.

எஞ்சிய பெயர்

நகரத்தின் இடப்பெயர்கள் இவ்வரலாற்றை இன்றும் தாங்கி நிற்கின்றன. கேசவதாசபுரம் என்பது அன்று அரசர் அகற்றிய திவானின் பெயர். தலைமைச் செயலக வளாகத்தில் சிலையாக நிற்பவர், அன்று தலைக்கு விலை வைக்கப்பட்ட வேலுத்தம்பி. அரசரின் பெயர் எங்கே இருக்கிறது? நாகர்கோயில் செல்லும் நெடுஞ்சாலையில், நகருக்குத் தெற்கே உள்ள பாலராமபுரத்தில் இருக்கிறது.

அவ்வூரை அமைக்க முனைந்தவர் உம்மிணித்தம்பி. விழிஞம் துறைமுகத்தை வளர்க்கக் கருதிய அவர், அதனை அடுத்து ஒரு தொழில் ஊர் வேண்டுமென எண்ணி, தமிழ்நாட்டின் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் நெசவாளரை அழைத்துவந்து குடியேற்றினார். ஊருக்கு மன்னர் பெயரைச் சூட்டினார். அழைத்தவர் பதவி இழந்தார், மன்னர் மறைந்தார், வந்தவர்களோ தங்கினர். குழித்தறியில் அமர்ந்து, பாவு நீட்டி, கஞ்சியிட்டு, ஊடை கோத்து, கசவுக் கரையிட்ட வேட்டியும் முண்டும் புடவையும் நெய்தனர். ஓணத்திற்குக் கேரளம் உடுத்தும் வெள்ளைத் துணியில் அத்தமிழ்க் கைகளின் உழைப்பும் கலந்தது. அவ்வூர்ச் சேலைகளுக்கும் மென்பருத்தித் துணிகளுக்கும் இன்று புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

எனவே, மக்கள் வெறுத்த ஒரு மன்னரின் பெயர், அவர் பிறப்பித்த ஆணையாலோ, அவர் பெற்ற வெற்றியாலோ நிலைக்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து உழைத்துப் பிழைத்த குடும்பங்களின் நெசவால் நிலைத்தது. நாமும் அத்தகைய குடும்பங்களே. ஊருக்குப் போகும் வழியில் பேருந்து பாலராமபுரத்தில் நிற்கும்போது, நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம்: நல்லவரைத் துணையாகக் கொள்ளாத மன்னர் ஒருவர் இருந்தார், முறைகேட்டைப் பொறாமல் நாஞ்சில் நாட்டார் நடந்தே வந்து அவர் வாயிலில் நின்றனர், அவர் ஆட்சியின் தீமைகள் யாவும் போய்விட்டன, இத்தறிகள் மட்டும் நிற்கவில்லை என்று.